பழுப்பாகாத சீரம்

ஐந்தாவது நாள் பிரிட்ஜைத் திறந்தபோது குப்பிக்குள் பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் ஏதோ கிடந்தது. நான் வைத்தது தண்ணீர் போலத் தெளிந்த திரவம். வைட்டமின் சி பொடியும் டிஸ்டில்டு வாட்டரும் மட்டும் சேர்த்தது. மூடியைத் திறந்து முகர்ந்தேன். துருப்பிடித்த ஆணியை வாயில் போட்டதுபோல் நாக்கின் அடியில் ஒரு சுவை ஊறியது. முந்தின நாள் இரவு வரை அதைத்தான் நிறம் பார்க்காமல் கன்னத்தில் தடவிக்கொண்டிருந்தேன் என்று நினைத்ததும் ஓங்கரிப்பு வந்தது. வாஷ்பேசினில் கொட்டிவிட்டு முகத்தை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

இரண்டாவது பிள்ளை பிறந்தபிறகு என் இரண்டு கன்னத்திலும் மங்கு படர்ந்திருந்தது. கரிமங்கல்யம் என்று மலையாளத்தில் சொல்வார்கள். முகத்தில் கரியை அப்பிவிட்டு அதற்கு மங்கல்யம் என்று பெயர் வைத்தவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. நான் கெமிஸ்ட்ரி படித்தவள். பாறசாலையில் வீடு. களியக்காவிளை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டெண்ட் வேலை. பகலெல்லாம் பிள்ளைகள் சிந்திய ஆசிடைத் துடைக்கிறவள், முகத்துக்கு ஒரு சீரம் உண்டாக்க முடியாதா என்று ஒரு கோடை விடுமுறையில் தொடங்கினேன். வெளுக்கவேண்டும் என்று ஆசைப்பட்டதில்லை. என் முகம் முழுக்க என் நிறத்திலேயே இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

அதற்குப் பின் வந்த இரண்டு மாதமும் எங்கள் அடுக்களை நாறியது. இயற்கையானதாக இருக்கட்டும் என்று கிணற்றடியில் நின்ற கற்றாழையை வெட்டி வந்தேன். மஞ்சள் பாலும் வழவழப்பும் விரல் இடுக்கில் இறங்கின. நாலாம் நாள் அந்தச் சாற்றின்மேல் சாம்பல் நிறத்தில் பூசணம் படர்ந்தது. நல்ல கனத்த பூசணம், பூனைக்குட்டியின் முதுகு மாதிரி. அடுத்து கெட்டிப்படுத்த சாந்தன் கம் என்ற பொடியைத் தண்ணீரில் தூவினேன். அது கட்டிகட்டியாகத் திரண்டு, செத்த மீனின் கண்கள்போல் மிதந்து என்னையே பார்த்தது. எப்படியோ கலக்கி முடித்ததும் சளி மாதிரி நூல் இழுத்தது. கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இத மொகத்துலயா தேக்கப்போற?" என்று கேட்டார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகுதான் படித்ததை நினைவில் வைத்து ஒழுங்காகச் செய்தேன். வைட்டமின் சி காற்றும் வெளிச்சமும் பட்டால் நிற்காது. அதை விட்டுவிட்டு நியாசினமைடு என்ற பி3 வைட்டமினுக்கு மாறினேன். அது அடங்கின குணம் உள்ளது, தண்ணீரில் சும்மா கரையும், பழுப்பாகாது. சாந்தன் கம்மை முதலில் கிளிசரினில் குழைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் கட்டி விழாது என்று கண்டேன். கம்மைப் பாதியாகக் குறைத்து, கிளிசரினையும் குறைத்ததும் பிசுபிசுப்பு போயிற்று. பூசணம் வராமல் இருக்க அளவாகப் பிரிசர்வேட்டிவ் சேர்த்தேன். பிஎச் தாளை முக்கி, நிறம் ஆறுக்குப் பக்கத்தில் நிற்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். மூன்று குப்பிகளில் ஊற்றி ஒன்றைப் பிரிட்ஜிலும் ஒன்றை அடுக்களை அலமாரியிலும் ஒன்றை ஆஸ்பெஸ்டாஸ் கூரைபோட்ட குளியலறையிலும் வைத்தேன். ஒரு மாதம் கழித்து மூன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது மூன்றும் பச்சைத்தண்ணீர்போல் ஒன்றாக இருந்தன. மணம் இல்லை. கையில் விட்டால் பத்து எண்ணுவதற்குள் உள்ளே இறங்கிவிடும். தெளிவு அப்படியே நிற்பதைப் பார்த்துக்கொண்டு நான் ஜன்னலோரம் வெகுநேரம் நின்றேன்.

மூன்றாம் மாதம் என் மங்கு கொஞ்சம் இளகியது. உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாற்றம்.

அதை உற்றுப் பார்த்தவள் என் மயினி. என் கணவரின் அக்கா. குன்னத்துகால் சந்திப்பில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். பெண்களின் முகத்தைப் பார்த்தே பிழைக்கிறவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"எட்டி, கன்னம் தெளிஞ்சிருக்கே! என்னத்த தேச்ச?"

சொன்னேன்.

"எனக்கும் கொஞ்சம் உண்டாக்கித் தா மோளே. பார்லருக்கு வாறவளுகளுக்குக் குடுத்துப் பாக்கேன். சொந்த வீட்டுல உண்டாக்கினதாக்கும்னு சொன்னா ஆளுக நம்புவாவ."

எனக்குப் பெருமையாக இருந்தது. லேபில் என் வேலையைப் பார்த்து யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாதம் முப்பது குப்பி ஊற்றி, என் கையெழுத்தில் தேதியும் சேர்த்த பொருட்களும் எழுதி ஒட்டிக் கொடுத்தேன்.

அந்த நேரத்தில்தான் மயினியின் மகளைப் பெண் பார்க்க நெய்யாற்றின்கரையிலிருந்து வந்தார்கள். அவள் நர்சிங் முடித்து வேலைக்குக் காத்திருந்தாள். வாய் ஓயாமல் பேசுகிறவள், ஸ்கூட்டரை ஒற்றைக்கையில் ஓட்டுகிறவள். எங்கள் குடும்பத்தில் எல்லோரையும்போல நல்ல கறுப்பு. பையன் பலகாரத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் அதே நிறம்தான். பையனின் அம்மா பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து, கையைப் பிடித்துப் பேசுவதுபோல் பேசிக்கொண்டே சுடிதாரின் கையை மெல்ல மேலே சுருட்டினாள். முழங்கைக்கு மேலே, வெயில் படாத இடம் வரைக்கும். பெருவிரலால் அந்தச் சதையை அழுத்திப் பார்த்தாள்.

"உள்ளுக்க நெறம் உண்டு," என்றாள் மயினியிடம். "வெயிலு கொள்ளாம இருந்தா தெளிஞ்சு வரும்."

சந்தையில் மீனின் செவுளைத் திறந்து பார்க்கிறவர்கள்கூட அந்த அளவுக்கு முகத்தில் அமைதியோடு பார்ப்பதில்லை. நான் கையிலிருந்த முறுக்கைத் தட்டில் திருப்பி வைத்தேன். மயினியோ, "ஆமா ஆமா, கல்யாணத்துக்குள்ள தெளிஞ்சிரும்," என்று சிரித்தாள். கிறிஸ்துமஸ் கழிந்து கல்யாணம் என்று முடிவானது.

நிச்சயம் முடிந்து மூன்று வாரத்தில் பெண் வெளுத்துவிட்டாள்.

கொஞ்சம் தெளிந்தாள் என்று சொல்லமுடியாது. நன்றாகவே வெளுத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயிலைவிட்டு வெளியே வந்தபோது பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். கழுத்து பழைய நிறத்திலும் முகம் வேறு யாரோ ஒருத்தியுடையது போலவும் இருந்தது. "மாமி உண்டாக்கின சீரமாக்கும்," என்று அவள் சந்தோஷமாக என்னைக் காட்டினாள். உடனே எல்லாரும் என் பக்கம் வந்தார்கள்.

"ஒனக்க கையில என்னமோ உண்டு மக்கா."

"எனக்க மருமொவளுக்கு ஒண்ணு வேணும். இல்லேன்னு சொல்லப்பிடாது."

நியாசினமைடு மூன்று வாரத்தில் யாரையும் வெளுக்கவைக்காது. இது எனக்குத் தெரியும். மூன்று மாதத்தில் என் கன்னத்தில் அது செய்தது என்ன என்றும் தெரியும். ஆனாலும் அங்கே நின்று, ஏன் என் சீரம் பழுப்பாவதில்லை, ஏன் ஒட்டுவதில்லை என்று அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். ஒருத்தி என் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தாள், அங்கே ஏதோ எழுதியிருப்பதுபோல்.

அன்று மத்தியானம் மயினி வீட்டில் சாப்பாடு. கைகழுவப் போன இடத்தில் பெண்ணின் குப்பி இருந்தது. என் கையெழுத்து, என் லேபிள். உள்ளே இருந்தது பால்போல் வெள்ளையாக, கொஞ்சம் ரோஸ் கலந்து இருந்தது. திறந்தேன். சந்தன சென்ட் மணத்தது. நான் மணத்துக்கு எதுவும் சேர்ப்பதில்லை.

குப்பியை மூடி வைத்துவிட்டு வந்து சாப்பிட்டேன்.

அதற்குப் பின் பதினோரு நாள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மயினி என்னமோ வாசனை சேர்த்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டேன். பஸ்ஸில் போகும்போது ஒருத்தி என்னைக் காட்டி இன்னொருத்தியிடம் பேசினால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். கற்றாழைப் பூசணம், மீன்கண் கட்டி எல்லாவற்றையும்விட, இன்று நினைத்தால் எனக்கு அதிகம் குமட்டுவது அந்தப் பதினோரு நாள் நிமிர்ந்த என் முதுகுதான்.

பன்னிரண்டாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மயினியின் மகள் எங்கள் வாசலில் நின்றாள். துப்பட்டாவால் முகம் முழுக்க மூடி, குடையும் பிடித்திருந்தாள்.

"மாமி, மொகம் எரியுது. வெயிலுல நிக்கமுடியல."

துப்பட்டாவை விலக்கினாள். கன்னம் இரண்டும் அவித்த இறால்போல் சிவந்து மினுங்கின. தோல் அவ்வளவு மெலிந்திருந்தது, அடியில் நரம்பு சிவப்பு நூலாக ஓடுவது தெரிந்தது. தாடையில் சீழ்கோத்த பருக்கள். காதோரம் மெல்லிய பூனைமுடி, முன்பு இல்லாதது. அவள் சிரிக்க முயன்றாள், இழுத்துப் பிடித்த தோல் விடவில்லை.

"தேக்கத நிறுத்தினா இன்னும் கூடுது. தேச்சா கொஞ்சம் அடங்குது. உங்க சீரம் அப்படித்தானா மாமி?"

அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு நேரே குன்னத்துகால் போனேன்.

பார்லரில் யாரும் இல்லை. பின்னறையில் மயினி ஒரு பழைய டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் முடிக்குச் சாயம் கலக்குகிற பிளாஸ்டிக் பேசின், அதன் விளிம்பில் காய்ந்த கறுப்புச் சாயம். மங்குக்கு மூன்று மருந்து சேர்ந்த களிம்பு ஒன்று உண்டு. டாக்டர் பார்த்து, சில நாளைக்கு மட்டும் எழுதித் தருவது. அதில் நாளானால் தோலை மெலியவைக்கிற ஸ்டீராய்டும் இருக்கிறது. அந்தக் களிம்பின் டியூபுகளின் வாலைக் கத்தரிக்கோலால் வெட்டி, பற்பசையை வழிப்பதுபோல் பேசினில் வழித்துக்கொண்டிருந்தாள். என் சீரத்தை அதன்மேல் ஊற்றி, சாயம் பூசுகிற பிரஷ்ஷாலேயே கலக்கினாள். கலவையில் ஒரு நீளமுடி சுழன்றது. அதை விரலால் எடுத்துச் சுவரில் ஒட்டினாள். பிறகுதான் எங்களைப் பார்த்தாள்.

வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தேன்.

"இது என்ன மயினி?"

"நீ உண்டாக்குதது பச்சத்தண்ணி போலல்லா இருக்கு," என்றாள் அவள். குரலில் பதற்றமே இல்லை. "மாசம் ஒண்ணு ஆனாலும் ஒரு மாற்றமும் கிடையாது. வாறவளுக என்னையாக்கும் கேக்காளுவ. அதுல நான் கொஞ்சம் பலம் சேத்தேன். அதுக்கா இப்பிடி நிக்க?"

"இதையா இவளுக்குக் குடுத்தீங்க?"

"எனக்க மொவளுக்கு நான் கெடுதல் செய்வேனா? எனக்க கையால நானே தேச்சு விடுதேன்."

மகள் என் பின்னால் நின்றாள். அதுவரை அது மாமியின் சீரம் என்றுதான் நினைத்திருந்தாள். பேசினையே பார்த்துக்கொண்டு, "அம்மா, நான் நர்சாக்கும்," என்றாள்.

மறுநாள் நெய்யாற்றின்கரையில் ஒரு தோல் டாக்டரிடம் போனோம். டாக்டர் வயதான அம்மா. பெண்ணின் முகத்தை விளக்கின்கீழ் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நாங்கள் கொண்டுபோன குப்பியை எடுத்தார். லேபிளைப் படித்தார். "இது ஆரா உண்டாக்கியது?" என்று மலையாளத்தில் கேட்டார். "எழுத்து என்னுடையது, உள்ளே இருப்பது வேறு," என்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்து, குப்பியை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார். விரலை டிஷ்யூவில் துடைத்துக்கொண்டார்.

இதை நிறுத்தினால் முதலில் இன்னும் மோசமாகும், மாதக்கணக்கில் பொறுக்கவேண்டும், அதற்கு மருந்து தருகிறேன், இடையில் மறுபடி இதைத் தொட்டால் என்னிடம் வரவேண்டாம் என்றார்.

வீட்டில் மயினி அழுதாள். "கல்யாணம் வரைக்கும் மட்டும் தேச்சிட்டுப் பொறவு நிறுத்துனா என்ன? ரெண்டு மாசந்தானே? போட்டோ எடுக்கண்டாமா?"

"எனக்கு மூஞ்சி வேணும்," என்றாள் மகள். "கல்யாணத்தப் பொறவு பாத்துக்கலாம்."

குப்பிகள் யார் யார் வீட்டுக்குப் போயின என்று மயினியிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். மொத்தம் இருபத்தாறு வீடு. குன்னத்துகாலும் செங்கலும் பாறசாலையும், ஒற்றசேகரமங்கலத்தில் ஒன்றும். பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் லீவு போட்டு ஒவ்வொரு வீடாகப் போனேன். அதில் என்னென்ன கலந்திருக்கிறது, ஏன் டாக்டரைப் பார்க்கவேண்டும் என்று சொல்லித் திரும்பக் கேட்டேன். பதினொரு குப்பி கிடைத்தது. மற்றவர்கள் தரவில்லை.

செங்கலில் ஒருத்தி கதவைப் பாதி திறந்து நின்றபடி பேசினாள். கன்னம் ஏற்கெனவே சிவந்திருந்தது. "எரியத்தான் செய்யுது. எரிஞ்சாத்தானே வேலை செய்யுதுன்னு அர்த்தம்? இத எடுத்தோண்டு போயிட்டா நான் என்ன செய்வேன்? வேற ஒண்ணு தருவியா?" என்றாள். இன்னொரு வீட்டில் மருமகள் குப்பியை எடுத்து நீட்ட, மாமியார் இடையில் வந்து வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். ஒற்றசேகரமங்கலத்தில் அதை நாலு வயதுப் பெண்குழந்தைக்குத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழந்தை என் மடியில் வந்து உட்கார்ந்து, முகத்தைக் காட்டி, "நான் வெளுத்தேனா?" என்று கேட்டது. அந்தக் குப்பியை நான் கேட்கவில்லை, பிடுங்கினேன். அந்த வீட்டுக்காரர்கள் என்னை ஏசியது படியிறங்கும்வரை கேட்டது. குழந்தையை டாக்டரிடம் கொண்டுபோகச் சொல்லி வாசலில் நின்று கத்திவிட்டு வந்தேன். மறுவாரம் கொண்டுபோனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மயினி மகளின் முகம் டாக்டர் சொன்னதுபோல் மோசமானது. வீங்கியது, நீர் வடிந்தது, காய்ந்து பொருக்காகத் தலையணையில் உதிர்ந்தது. அவள் பையனுக்கு வீடியோவில் கூப்பிட்டு மூடாத முகத்தோடு எல்லாவற்றையும் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன். "அம்ம இதக் காணண்டாம்," என்றான் அவன். "நமக்குத் தேதியத் தள்ளிவைக்கலாம். சரியான பொறவு சொல்லு."

அவன் அம்மாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஞாயிறுதோறும் ஒரு போட்டோ அனுப்பச் சொன்னாள், ஜன்னல் பக்கம் நின்று, பவுடர் போடாமல். எவ்வளவு தெளிந்திருக்கிறது என்று பார்க்கவேண்டுமாம். மயினி மகளை ஜன்னலோரம் நிறுத்தி இரண்டு வாரம் எடுத்தனுப்பினாள். "கழுத்தும் காணட்டும்," என்று இரண்டாவது வாரம் பதில் வந்தது. மூன்றாவது வாரம் போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டு மகள் அறைக்குள் போனாள். சட்டைக்கையை மேலே சுருட்டி, முழங்கைக்கு மேலே வெயில் படாத சதையைப் படம்பிடித்து அனுப்பினாள். கீழே, "உள்ளுக்க நெறம் உண்டு. இது போதும்னா வாங்க," என்று எழுதினாள்.

அவர்கள் வரவில்லை. சம்பந்தம் அத்தோடு முடிந்தது. மயினி நாலு நாள் சாப்பிடவில்லை. மகள் அந்த நாலு நாளும் நன்றாகச் சாப்பிட்டாள்.

முகம் ஆற ஏழெட்டு மாதம் ஆயிற்று. இப்போது அவள் திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். சொந்த நிறம் திரும்பிவிட்டது. இடது கன்னத்தில் மட்டும் ஒரு சிவப்பு நரம்பு மெல்லிசாகத் தெரியும், வெயிலில் கொஞ்சம் அதிகமாக. ஊருக்கு வந்தால் என்னைப் பார்க்காமல் போகமாட்டாள். அந்தப் பதினோரு நாளைப் பற்றி நான் அவளிடம் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மாமி, நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கணும்," என்றாள். ஆறுதலாக எதுவும் சேர்க்கவில்லை. சேர்க்காதது சரிதான்.

நான் சீரம் உண்டாக்குவதை நிறுத்திவிட்டேன். மிச்சமிருந்த பொடிகள் அலமாரியில் கிடக்கின்றன. என் மங்கு மெல்லத் திரும்ப வருகிறது.

மயினியின் பார்லர் இன்றும் நடக்கிறது. எங்கள் இருவருக்கும் இடையில் இழவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் மட்டும்தான் பேச்சு. போன ஈஸ்டருக்கு மயினியின் மகள் வந்தபோது ஒரு விஷயம் சொன்னாள். அவள் அம்மா அந்தக் களிம்பை ஆறு வருடமாகத் தன் முகத்தில் தேய்த்துவந்திருக்கிறாள். தனக்கு வெளுத்ததால்தான் மகளுக்கும் ஊருக்கும் கொடுத்திருக்கிறாள். இப்போது அவள் முகம் வெடித்து, யாருக்கும் தெரியாமல் அதே நெய்யாற்றின்கரை டாக்டரிடம் தனியாகப் போய்வருகிறாள். அங்கே டாக்டர் திட்டும்போது தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாளாம்.

இதைக் கேட்டதும் எனக்கு இரக்கம் வரும் என்று மகள் எதிர்பார்த்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வரவில்லை. பேசினின் விளிம்பில் காய்ந்திருந்த சாயமும், சுவரில் ஒட்டிய முடியும்தான் கண்ணில் வந்தன. சாயா ஆறிக்கொண்டிருந்தது. "குடி மக்கா," என்றேன் அவளிடம்.